மருதாத்தாள் இங்கிலீஷில் திட்டிய கோடை

எங்கள் அண்ணி மருதாத்தாளைப் பற்றி முதலமடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "அந்தம்மாளுக்கு வாய் மட்டும் இல்லீன்னா நாய் தூக்கீட்டுப் போயிருக்குமுங்க" என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆள் ஒல்லி, குள்ளம், காற்று பலமாக அடித்தால் வரப்பில் நிற்க மாட்டாள். வாயைத் திறந்தாலோ எதிரே நிற்கிறவன் உட்கார்ந்துவிடுவான். நான் அவளுடைய கொழுந்தன் கந்தப்பன். ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் காலமெல்லாம் குடியிருந்து காது புண்ணானவன். இதைச் சொல்ல எனக்குத்தான் உரிமை, யாரும் குறுக்கே வர வேண்டாம்.

அண்ணிக்கு நேராகப் பேச வராது. எதைச் சொன்னாலும் சொலவடைதான். குழம்பில் உப்புக் கூடிப்போனால், கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டாள். "அளவுக்கு மிஞ்சுனா அமுதமும் நஞ்சு" என்பாள். அண்ணன் ரத்தினசாமி அந்த அமுதத்தைத் தின்றுவிட்டு எழுந்துபோவார்.

அதையும் ஆளைப் பார்த்துச் சொல்வது கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஓரகத்தியைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைப் பார்த்துத் திட்ட வேண்டும். கோழி இல்லையென்றால் எருமை, எருமையும் இல்லையென்றால் முருங்கை மரம். இதற்குப் பெயர் சாடை. கேட்டவள் கோபித்துக்கொண்டு வந்தால், "நான் கோழியைச் சொன்னன், உனக்கென்ன வந்துது?" என்று கேட்டுவிடலாம்.

அண்ணிக்கு ஓரகத்தி வேறு யார்? என் மனைவி கமலாத்தாள்தான். கல்யாணம் பேசும்போது பெண் சாது என்று சொன்னார்கள். சொன்னவர்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பன் விட்டுப்போன நிலம் அண்ணனுக்குப் பாதி, எனக்குப் பாதி. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஒரு நாள் அவர்களுக்குத் தண்ணீர், மறுநாள் எங்களுக்கு. இதை மொறை என்போம். எங்கள் பூமிக்கு மழை மறைவு. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை எங்களுக்கு வெறும் சத்தம்தான். அதனால் மொறைத் தண்ணீரில் ஒரு குடம் கூடினாலும் குறைந்தாலும் சண்டை. விடிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி கோழியிடம், "ஊரான் ஊட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே" என்பாள். இந்தப் பக்கம் கமலாத்தாள் எருமையிடம், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாமா" என்பாள். இப்படியே உச்சிப் பொழுது வரை போகும். கோழி முட்டை இடுவதை நிறுத்திவிட்டது. எருமை என்னைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டது.

இதற்கு நடுவே அண்ணி தன் பங்கு நிலத்தில் மாஞ்செடி வைத்தாள். பொள்ளாச்சிப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போய், செந்தூர ஒட்டுச்செடிகளாகப் பார்த்து எடுத்துவந்து, கல்லாங்காட்டில் தானே குழி பறித்து நட்டாள். அண்ணனுக்கு அதில் துளிக்கூட நம்பிக்கை இல்லை. சைனுதீன் மாங்காய் மண்டியில் நாலு பேர் முன்னால் நின்று, "இந்தக் காட்டுல மா பொழைச்சா என்ற மீசையை எடுத்துக்கறன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மீசை சாதாரண மீசை இல்லை. தினம் விளக்கெண்ணெய் போட்டு முறுக்கி, தூங்கும்போது துணி கட்டி வளர்த்தது. அண்ணியிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். "எடுக்கறதுக்குக் கத்தியத் தீட்டி வெக்கச் சொல்லு" என்றாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அந்தச் செடிகள்தான் உலகம். ஒவ்வொன்றுக்கும் ஓலையால் நிழல் கட்டினாள். முதல் கோடையைத் தாண்டிவிட்டன. இரண்டாவது கோடையில் மொறைத் தண்ணீர் தவறாமல் விழுந்தால் வேர் பிடித்துக்கொள்ளும், தவறினால் சுள்ளிதான். ஒரு மொறைகூட அவள் விடத் தயாராக இல்லை. வேலிச் சண்டை இரண்டு மடங்காகிவிட்டது.

எழுபத்தாறாம் வருஷம். எமர்ஜென்சியில் நாடு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர் குப்பண்ணன், எங்களுக்கு மாமன் முறை. அவரிடம் ரேடியோ இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் எதையாவது தடை செய்ய வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நானும் அண்ணனும் போய், "மாமா, காது போச்சுங்க" என்று நின்றோம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

"இன்னைல இருந்து இந்த ரெண்டு பொம்பளைகளும் ஒருத்திக்கு ஒருத்தி சொலவடை சொல்லப்படாது" என்று தீர்ப்புச் சொன்னார். "தமிழ்லயும் படாது, மலையாளத்துலயும் படாது. ஆளைப் பாத்தும் படாது, ஆடு மாடு கோழி மரம் மட்டை எதைப் பாத்தும் படாது. மீறி ஆரு வாயில வந்தாலும் இந்தக் கோடை முச்சூடும் அவுங்க தண்ணி மொறை அடுத்த ஊட்டுக்கு. அவ்வளவுதான்."

மலையாளத்தைச் சேர்த்தது மாமனின் சாமர்த்தியம். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊரில் தமிழில் பூட்டினால் மலையாளத்தில் திறந்துகொள்வார்கள். இரண்டு பெண்களையும் மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். நானும் அண்ணனும் அன்றைக்கு மத்தியானமே படுத்துத் தூங்கினோம்.

ஆனால் அண்ணிக்குப் பேச்சே நின்றுபோனது. சொலவடை இல்லாமல் அவளுக்கு வாக்கியம் முடியாது. "இன்னைக்கு வெயிலு..." என்று தொடங்குவாள், அப்படியே நிறுத்திவிடுவாள். கமலாத்தாள் காதில் விழுந்துவிடுமோ என்று பயம். கோழியைப் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள். கோழியும் என்ன என்பது போல நின்று பார்க்கும். தாடை வீங்கிவிட்டது என்று வைத்தியரிடம் போனாள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ தேங்கி நிற்கிறது என்று கஷாயம் கொடுத்தார். என் வீட்டிலும் லட்சணம் அதேதான். கமலாத்தாள் எருமைக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். எனக்கு என்ன வந்தது? நிம்மதி என்று இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பாஸ்கல் வந்து சேர்ந்தான். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைக்குப் பட்லராக இருந்தவன். துரை ஊருக்குப் போனபின் வேலை போய், மலையிறங்கி, சைனுதீன் மண்டியில் காவலாளாக ஒண்டிக்கொண்டான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் மாங்காய்க் கூடை வாங்க அண்ணி மண்டிக்குப் போனபோது, பாஸ்கல் டீக்கு வைத்திருந்த பாலைக் காலால் தட்டிவிட்டான். தட்டிவிட்டு, துரை மாதிரியே தோளைக் குலுக்கி, "நோ யூஸ் கிரையிங் ஓவர் ஸ்பில்ட் மில்க்" என்றான்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"சிந்தின பாலுக்கு அழுது பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம்மா. எங்க துரை அடிக்கடி சொல்லுவாரு. பாலுன்னு இல்ல, எது கையை விட்டுப் போனாலும் சொல்லலாம்."

அண்ணியின் தாடை வீக்கம் அந்த இடத்திலேயே வற்றியது என்று சைனுதீன் இன்றைக்கும் சத்தியம் செய்வார். இங்கிலீஷிலும் சொலவடை இருக்கிறது! தமிழில் கூடாது என்றார் மாமன், மலையாளத்தில் கூடாது என்றார். இங்கிலீஷைப் பற்றி யாராவது மூச்சு விட்டார்களா? அண்ணி கூடையை அங்கேயே போட்டுவிட்டு, "எந்திரிச்சு வாங்க, ஊட்டுல களியும் மொச்சைக் குழம்பும் இருக்குது" என்று பாஸ்கலைக் கையோடு அழைத்துவந்தாள்.

அவனும் களியை உருட்டி உருட்டி விழுங்கிக்கொண்டே சரக்கை இறக்கினான். துரையும் துரைசாணியும் சண்டை போட்டால் கத்த மாட்டார்களாம். மேஜைக்கு இந்தக் கோடியில் அவர் ஒன்று சொல்வார், அந்தக் கோடியில் அவள் ஒன்று சொல்வாள், நடுவில் இவன் சூப் ஊற்றிக்கொண்டு நிற்பானாம். எதற்கு எதைச் சொன்னார்கள், சொன்னதும் யார் முகம் எப்படிப் போனது என்று பார்த்துப் பார்த்தே அர்த்தம் தெரிந்துகொண்டதாகச் சொன்னான். மழை ஊற்றினால் கேட்ஸ் அண்ட் டாக்ஸ். வேலை சுலபமாக முடிந்தால் பீஸ் ஆஃப் கேக். எப்போதோ ஒரு தடவை நடந்தால் ஒன்ஸ் இன் எ புளூ மூன்.

அண்ணிக்கு ஒன்றும் திருப்தியில்லை. "எல்லாம் மழை, நிலா, ரொட்டின்னே இருக்குதுங்களே. திட்டறதுக்கு ஒண்ணுங் காணமே. வெள்ளக்காரனுக்கு ஓரகத்தியே கெடையாதுங்களா?"

"உண்டும்மா. ஆனா அவுக ஒரே கெணத்துல தண்ணி எடுக்க மாட்டாக."

கடைசியில் ஒன்று கிடைத்தது. பாட் காலிங் த கெட்டில் பிளாக். மறுநாள் விடிந்ததும் அண்ணி குளித்து, பொட்டு வைத்து, வேலியோரம் வந்து, கோழியைக் கூப்பிட்டு நிறுத்தி, அதைக் கணீரென்று சொன்னாள். எனக்குக் கையிலிருந்த வேப்பங்குச்சி கீழே விழுந்தது. கமலாத்தாள் உள்ளே ஓடிவந்து, "ஏனுங்க, அக்காளுக்குக் காத்துக்கருப்பு அண்டீருச்சாட்ட இருக்குதுங்க, பூசாரியக் கூட்டிட்டு வாங்க" என்று பதறினாள்.

அங்கேதான் அண்ணிக்குச் சிக்கல். வைத வார்த்தை வலிக்க வேண்டுமென்றால் வாங்குகிறவளுக்கு அது புரிய வேண்டுமே! பாஸ்கலை அனுப்பி அர்த்தம் சொல்லச் சொன்னாள். அவன் மண்டி வேலை முடிந்து சாவகாசமாக மறுநாள் வந்தான். வந்தவன் எங்கள் வீட்டிலும் ஒரு கை பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்து ஏப்பம் விட்டுக்கொண்டு போய்விட்டான். பொறுத்துப் பார்த்த அண்ணி, தானே வேலியைத் தாண்டி வந்தாள். கிணற்று மேட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் மோட்டார்ச் சாளைக்குள் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதாலேயே கேட்டது.

"ஏ கமலா, அன்னைக்கு கோழியப் பாத்து ஒண்ணு சொன்னனே, கேட்டுச்சா?"

"கேட்டுதுங்க்கா. ஒடம்புக்கு இப்பத் தேவுலீங்களா?"

"ஒடம்புக்கு என்ன கேடு? அது உன்னயத் திட்டுனது புள்ள."

"என்னையங்களா!" கமலாத்தாள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இருங்க்கா, மோர் கொண்டாறன்."

மோர் வந்தது. அண்ணி தொண்டையை நனைத்துக்கொண்டு தொடங்கினாள். "பாட்டுன்னா சட்டி. கெட்டில்னா துரைமாருக டீ காச்சற ஏனம், மூக்கு நீட்டமா இருக்குமாமா. ரெண்டும் ஒரே அடுப்புல வெந்து கருத்தது. இந்தச் சட்டி அந்தக் கெட்டிலப் பாத்து, நீ கருப்புன்னு சொல்லுச்சாமா."

"செரிங்க்கா."

"இப்பக் கோவம் வருதா?"

"இன்னும் வர்லீங்க்கா."

ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளையைப் பற்றித் தமிழில் அருமையாக ஒன்று இருக்கிறது. சொன்னால் ஒரு நொடியில் விளங்கிவிடும். அது அண்ணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் மொறை போய்விடும், செடி போய்விடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். அப்புறம் இரண்டு கல்லை எடுத்து, ஒன்றைச் சட்டி, ஒன்றைக் கெட்டில் என்று வைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

"இதுல நான் சட்டிங்களா, கெட்டிலுங்களா?" என்று கேட்டாள் கமலாத்தாள்.

"நீ சட்டி."

"அப்ப நீங்க கெட்டிலு."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. அப்படித்தான் வருது."

"அப்ப நீங்களும் கருப்புத்தானுங்க்கா?"

அண்ணி எழுந்து நேராக மண்டிக்கு நடந்தாள். "சொல்றவளையும் சேத்துக் கருக்கடிக்கற சொலவடை என்ன சொலவடைங்க? வேற குடுங்க!" என்று பாஸ்கலைப் பிடித்து உலுக்கிவிட்டாளாம். பின்னாலேயே கமலாத்தாளும் போய்த் தனக்கு ஒன்று வேண்டும் என்று நின்றிருக்கிறாள். அவளுக்கு ஸ்டார்ம் இன் எ டீ கப் கிடைத்தது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாள் ஆக்குகிறவர்களுக்குச் சொல்வது. அதை அண்ணிக்கு விளக்க ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. டீக்குள் எப்படிப் புயல் அடிக்கும் என்று அண்ணி விடாமல் கேட்டாள். கமலாத்தாள் லோட்டாவில் தண்ணீர் வைத்து ஊதிக் காட்டினாள்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் திட்டு, வெயில் தாழ்ந்ததும் கிணற்று மேட்டில் அர்த்தம். திட்டினவள் திட்டு வாங்கினவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டே, "இது உனக்கு எங்க ஒறைக்கோணும் தெரியுமா" என்று விளக்குவாள். வாங்கினவள் சந்தேகம் கேட்டுக் கேட்டு, கடைசியில் விளங்கியதும், "அட, சண்டாளி!" என்று தொடையில் தட்டிக்கொள்வாள். இந்தக் கூத்தை எந்த ஊரிலாவது கண்டதுண்டா? கோழி மறுபடியும் முட்டை இட்டது. மண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள்கூட வேலை முடிந்தால் பீஸ் ஆஃப் கேக் என்றார்கள். பாஸ்கல் இரண்டு வீட்டிலும் தின்று தின்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான்.

மாஞ்செடிகளும் பிடித்துக்கொண்டன. பங்குனியில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டன. அண்ணி தினம் தொட்டுப் பார்ப்பாள். அண்ணனும் தினம் போய்ப் பார்ப்பார், பார்த்துவிட்டு மீசையைத் தடவுவார். நாளுக்கு நாள் அவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. மீசை இல்லாமல் சந்தைக்கு எப்படிப் போவது என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார். வேட்டியோடு போங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சித்திரை பிறந்த வாரம். ஒரு நாள், எங்கள் மொறை. கமலாத்தாள் மோட்டார்ச் சாளையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சைனுதீன் சம்சாரம் ருக்கியாவின் மகள் வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போய்விட்டாள். போனவள் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டு நாள் பூராவும் இருந்தது. கிணற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. எங்கள் காட்டுக்கும் பாயவில்லை, கொழுந்து வாடி நின்ற அண்ணி செடிக்கும் பாயவில்லை. கமலாத்தாள் திரும்பி வந்ததும் வேலியோரம் நின்றிருந்த அண்ணி கோழியைக்கூடக் கூப்பிடவில்லை. முகத்துக்கு நேரே, "டாக் இன் த மேன்ஜர்!" என்றாள். விளக்கம் சொல்லக் கிணற்று மேட்டுக்கும் வரவில்லை. கமலாத்தாளே பாஸ்கலிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே போய், "இங்கிலீஷும் பேச்சுத்தானுங்க மாமா, என்ற பொண்டாட்டி தீர்ப்பை மீறீட்டா" என்று தன் மனைவி மேலேயே பிராது கொடுத்துவிட்டார். மீசையைக் காப்பாற்ற மனுஷன் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுத்ததை நான் இங்கேதான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீசையை நானே பிடுங்கியிருப்பேன், தம்பியாகப் பிறந்து தொலைத்துவிட்டேன்.

வெயிலுக்கு மண்டிக் கொட்டகையில் பஞ்சாயத்துக் கூடியது. மாங்காய்க் குவியலுக்கு நடுவில் குப்பண்ணன் மாமன் உட்கார்ந்தார். இங்கிலீஷ் தடையில் வருமா வராதா என்று முதலில் யோசித்தார். அர்த்தம் சாடையாக இருந்தால் குற்றம், நல்ல வார்த்தையாக இருந்தால் குற்றமில்லை என்று முடிவு செய்து, பாஸ்கலைக் கூப்பிட்டார். பாஸ்கலுக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தப் பக்கம் மொச்சைக் குழம்பு, அந்தப் பக்கம் மோர்க்குழம்பு. எதை விடுவான் பாவம்?

"அது சொல்லுத ஆளைப் பொறுத்ததுங்கய்யா. துரை சொன்னா ஒரு அர்த்தம், துரைசாணி சொன்னா ஒரு அர்த்தம்."

"மருதாத்தா சொன்னா?"

"அதுக்கு எங்க எஸ்டேட்டுல அனுபவம் இல்லைங்கய்யா."

மாமன் கமலாத்தாளைப் பார்த்தார். "நீதானம்மா வாங்குனவ. என்னன்னு வாங்குன?"

உள்ளதைச் சொன்னால் கோடை முழுக்க இரண்டு மொறையும் எங்களுக்கு, அண்ணியின் செடி அத்தனையும் சுள்ளி. கமலாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நல்ல வார்த்தைதானுங்க. டாக்குன்னா நாயி. மேன்ஜருன்னா மாட்டுக்குத் தீனி போடற தொட்டி. கள்ளன் அண்டாம அந்தத் தீனியக் காவல் காக்கற நாயிங்க அது. காட்டை நான் அப்படிக் கண்ணுங் கருத்துமாப் பாத்துக்கறன்னு அக்கா என்னைய மெச்சிக்கிட்டாங்க."

கொட்டகையே தலையாட்டியது. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். வழக்கு முடிந்தது, செடி பிழைத்தது. அண்ணி பேசாமல் இருந்திருந்தால் எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போயிருப்போம்.

அவளால் முடியவில்லை. தாங்கித் தாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது, தாடை வீங்கியது. தன் வாழ்நாளிலேயே குறி பார்த்து எறிந்த ஒரே வசவை, வாங்கினவளே நாலு பேர் முன்னால் பாராட்டு என்று மடித்து வைத்தால் மருதாத்தாள் பொறுப்பாளா? எழுந்துவிட்டாள்.

"ஆரு மெச்சுனா? உன்னைய மெச்சறதுக்கு எனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? வைக்கப்போரு நாயி! தானுந் திங்காது, திங்கற மாட்டையும் உடாது! அதைத்தான்டி சொன்னன்!"

சுத்தமான தமிழ். சுத்தமான சொலவடை. ஆளைப் பார்த்து, கை நீட்டி, பஞ்சாயத்தின் நட்ட நடுவில்.

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தாள். "என்ற செடி..." என்றாள். ஒரு சொலவடையும் வரவில்லை. அண்ணன் மட்டும் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"நான் என்ன பண்ணட்டு?" என்றார் மாமன் வருத்தமாக. "சாமி முன்னால சூடம் அடிச்சது. மருதாத்தா மொறை இந்தக் கோடைக்குக் கமலாத்தாளுக்கு."

கமலாத்தாள் இன்னும் உட்காரவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிறுத்தி நிதானமாக, எல்லார் காதிலும் விழும்படி, "தவளை தன் வாயால கெட்டுச்சாமா" என்றாள்.

இவள் மனுஷியா என்று எனக்குப் பகீரென்றது. விழுந்து கிடக்கிறவளை மிதிக்கலாமா? சீ, உட்காரடி என்று சொல்ல எழுந்துவிட்டேன். அதற்குள் அவள் மாமன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இதுவும் சொலவடைதானுங்களே?"

"ஆமா" என்றார் மாமன்.

"தமிழ்லதானுங்களே சொன்னன்? அக்காளப் பாத்துத்தானுங்களே சொன்னன்? அப்ப என்ற மொறை அக்காளுக்குப் போயிருமுங்களா?"

மாமன் விரலை மடக்கிப் பார்த்தார். "இவ மொறை அவளுக்கு. அவ மொறை இவளுக்கு. அப்ப நாளைக்கு ஆரு மோட்டார் போடறது?"

"அவங்க நாள்ல இவங்க, இவங்க நாள்ல அவங்க" என்றார் சைனுதீன், மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டே. "தண்ணி அதேதான். கெழமதான் மாறுது."

மாமன் மறுபடியும் விரலை மடக்கினார், நீட்டினார், துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் இரண்டு பெண்களையும் பார்த்துக் கும்பிட்டு, "பேசித் தொலைங்க. இனி நான் உங்க வேலிப் பக்கமே வர்றதில்ல" என்று எழுந்து போய்விட்டார். அண்ணன் கை மீசையில் பாதி முறுக்கில் நின்றுவிட்டது. அந்த மீசை, செடி காய்த்த வருஷம், அதே கொட்டகையில், ஊர் பார்க்க இறங்கியது. அன்றைக்கு ஒரு செந்தூரப் பழத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய அண்ணி ஒரு சொலவடையும் சொல்லவில்லை. வெறுமனே சிரித்தாள்.

பஞ்சாயத்து முடிந்து வீட்டுக்கு நடந்தபோது நான் கமலாத்தாளிடம் கேட்டேன். "உள்ளங்கைக்கு வந்த தண்ணிய ஏன் உட்டுக் குடுத்த? அந்தம்மா உன்னைய நாயின்னுதானே சொல்லுச்சு?"

"சொன்னா என்னுங்க?" என்றாள். நிற்கக்கூட இல்லை, நடந்துகொண்டேதான் சொன்னாள். "அந்தச் செடி காஞ்சா அக்கா பேச்சும் காஞ்சு போயிருமுங்க. அக்கா பேசலைன்னா இந்தக் காட்டுல எனக்குப் பேச ஆரு இருக்கறா? நீங்க காலைல இருந்து படுக்கற வரைக்கும் எங்கிட்டப் பேசறது 'சோறு போடு'ங்கறது ஒண்ணுதானுங்களே. திட்டறதுக்காச்சும் அவங்கதான் என்னைய நெனச்சுக்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் வெகுநேரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. சொலவடை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. கடைசியில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்று, "அந்தத் தவளையச் சொன்ன பாரு... நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எருமையும் பார்த்தது. "பெட்டர் லேட் தேன் நெவர்" என்றாள்.

"அப்படீன்னா?"

"அக்காளைக் கேளுங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேலியைத் தாண்டிப் போனேன். அண்ணி இருட்டுகிற நேரத்திலும் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வராமயே போறதுக்கு நேரங்கழிச்சு வந்தாலும் தேவுலைன்னு அர்த்தமுங்க கொழுந்தனாரே" என்றாள். "நின்னுக்கிட்டே கேட்டா முழுசா வெளங்காது. ஊட்டுக்குப் போயி அவ பக்கத்துல உக்காந்து கேளுங்க."

போய் உட்கார்ந்தேன்.